பெரிய வெள்ளியில் செய்த கிட்டார்

உட்காருங்கள் மிஸ். அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆடும். கிட்டார் செய்கிற வீட்டில் ஆடுகிற நாற்காலியா என்று கேட்காதீர்கள், வருகிறவர்கள் எல்லாரும் கேட்டாயிற்று. இதில் உட்காருங்கள். கிட்டாரைக் கட்டில் மேல் வைத்துவிடலாம். பாப்பா தொட்டிலில்தான் தூங்குகிறாள்.

என் வீட்டுக்காரர் துறைமுகத்திலிருந்து கிளம்பிவிட்டார். அரை மணி நேரம் ஆகும். ஒன்றாம் ரயில்வே கேட் மூடியிருந்தால் முக்கால் மணி. ஃபோனில் என்னிடம் சொன்னார், "டீ போட்டுக் குடு, மக்ரூன் இருக்குல்லா, அத வை, நான் வார வரைக்கும் பேசிட்டு இரு" என்று. அதனால்தான் பேசுகிறேன். சாதாரணமாக நான் அதிகம் பேசுகிறவள் இல்லை.

பட்டறையா? பார்க்கலாமே, தாராளமாகப் பார்க்கலாம். சாவி அவரிடம் இருக்கிறது. பூட்டிக்கொண்டுதான் போவார். உள்ளே ரம்பம், உளி, வார்னிஷ் எல்லாம் கிடக்கிறது. குழந்தை தவழ்கிற வீடு, அதற்காகத்தான். எட்டு மாதம் இவளுக்கு. அவருக்கு முன்ஜாக்கிரதை அதிகம்.

வாசலில் நிற்கும்போதே கேட்டுவிட்டீர்கள். நானூற்று முப்பத்தொன்றாம் நம்பர் கிட்டார், லேபிளில் ஏப்ரல் பதினெட்டு என்று இருக்கிறது, அது பெரிய வெள்ளி, அன்றைக்கு உங்கள் பட்டறை திறந்திருந்ததா என்று. கைத்தவறு மிஸ். அவ்வளவுதான். இந்த ஊரில் பெரிய வெள்ளியன்று எந்தத் தச்சனும் ஆணியைத் தொடமாட்டான் என்று எனக்குத் தெரியாதா? என் மாமனார் லாசரஸ் இருந்தவரைக்கும் அன்றைக்குச் சுத்தியலைக் கூடத் துணியால் மூடிவைப்பார். ஆண்டவரைச் சிலுவையில் அறைந்த நாளில் நாம் எதையும் அறையக்கூடாது என்பார். உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீங்களும் கழுத்தில் மாதா உத்தரியம் போட்டிருக்கிறீர்கள்.

கிட்டாருக்கு ஏது ஆணி, பசைதானே என்று கேட்பீர்கள். சரிதான். ஆனால் அன்றைக்குப் பசையும் கிடையாது எங்கள் வீட்டில்.

உங்கள் பள்ளிக்கு அனுப்பின இருபத்து நான்கு கிட்டாரிலும் லேபிளைப் படித்தீர்களா மிஸ்? இருப்புப் பதிவேட்டில் ஏற்றுவதற்காகவா? நம்பர், தேதி, எல்லாமா?

ஒன்றுமில்லை. சும்மா கேட்டேன். டீ ஆறுகிறது.

எழுத்து அழகாக இருக்கிறது என்றீர்களே, அது என் எழுத்துதான். கான்வென்ட் எழுத்து. சிஸ்டர் நாலு கோடு நோட்டில் எழுதவைத்து, கோட்டைத் தாண்டினால் ஸ்கேலைத் திருப்பிப் பிடித்து விரல் முட்டியில் வைப்பார்கள். அப்படி வந்த எழுத்து. பங்குக் கோயில் அறிவிப்புப் பலகையில் திருவிழா நிகழ்ச்சிகளை நான்தான் எழுதுவேன். அதைப் பார்த்துத்தான் அவர் வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். என்னைப் பார்த்து இல்லை. அவரே சொல்வார், "இவ மூஞ்சிய ரெண்டாவதுதான் பாத்தேன்" என்று. எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

கல்யாணமான அடுத்த வாரமே லேபிள் எழுத ஆரம்பித்தேன். அப்போது மாமா உயிரோடு இருந்தார். கிட்டார் நம்பர், முடித்த தேதி, 'தூத்துக்குடியில் கையால் செய்தது', கீழே ஒரு சின்னக் கையெழுத்து. ஒரு லேபிளுக்குப் பத்து நிமிடம் எடுப்பேன். வட்ட ஓட்டை வழியாகப் பார்த்தால் அடியில் தெரிகிறதே, அதுதான். ஆள் குனிந்து பார்ப்பார், சிரிப்பார், பிறகு வாங்குவார். என் வீட்டுக்காரர் சொல்வார், நம்ம கிட்டார்ல சத்தத்த விட இவ எழுத்துதான் விக்கிது என்று.

செய்தது தொம்மை அண்ணன். நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். ஜூலையில் ஆர்டர் கொடுக்க வந்தீர்களே, இழைப்புளியோடு ஒருவர் நின்றாரே, சட்டை போடாமல், காதில் பென்சிலோடு. அவர்தான். வாரத்துக்கு இரண்டு கிட்டார் முடிப்பார். செவ்வாய்க்கிழமை ஒன்று, வெள்ளிக்கிழமை ஒன்று. அதற்கு மேல் ஒன்று கேட்டால், "இதென்ன இட்லியா?" என்பார்.

கணக்கு எனக்குத் தெரியும் மிஸ், நான் பி.காம். மரம், பசை, பாலிஷ், தொம்மை அண்ணன் கூலி, கரண்ட் எல்லாம் சேர்த்து ஒரு கிட்டாருக்கு ஒன்பதாயிரம் எங்களுக்கே ஆகிவிடும். பன்னிரண்டாயிரத்துக்கு விற்றோம். ஒருநாள் பெரியதாழை பாடகர் குழுவிலிருந்து ஒருவர் வந்தார். ஃபோனை நீட்டிக் காண்பித்தார். "இங்க பாரும், இதே சைசு, பை, பெல்ட்டு எல்லாம் சேத்து நாலாயிரம். வீட்டு வாசல்ல கொண்டாந்து குடுக்கான். நீங்க கூட எட்டாயிரம் எதுக்குக் கேக்கிய? உங்க கிட்டாரு தானா வாசிக்குமா?"

தொம்மை அண்ணன் தலையைத் தூக்கவேயில்லை. "வாசிக்காது. நீரு வாசிச்சாத் தாங்கும்" என்றார்.

அந்த ஆள் கோபித்துக்கொண்டு போய்விட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நாலாயிரம் என்றால் நாலாயிரம்தானே.

நான் ஒன்று உண்மையாகவே சொல்கிறேன். அந்த வெளிநாட்டுக் கிட்டார் மோசமில்லை. நான் மீட்டிப் பார்த்திருக்கிறேன், கான்வென்ட்டில் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். சுருதி நிற்கிறது. எடை குறைவு, பிள்ளைகளுக்குத் தூக்க வசதி. தொம்மை அண்ணன் செய்த கிட்டார் ஒன்று மழைக்காலத்தில் வயிறு உப்பி, மாசமான பொம்பளை மாதிரி ஆகிவிட்டது, திருப்பிக் கொண்டுவந்தார்கள். அதனால் உங்கள் பிள்ளைகளுக்கு ஒரு குறையும் வராது. அதை நான்...

நான் என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்?

பாப்பாதான். தூக்கத்தில் சிணுங்குகிறாள். ஒரு நிமிடம், தொட்டிலை ஆட்டிவிட்டு வருகிறேன்.

தூங்கிவிட்டாள். மிஸ், நீங்கள் அப்படிப் பார்க்காதீர்கள். ஆமாம், உங்கள் பிள்ளைகள் கையில் இருப்பது 'வெளிநாட்டுக் கிட்டார்' என்றுதான் சொன்னேன். சொல்லியாகிவிட்டது. கேட்காமலா போய்விடுவீர்கள்? நீங்கள் வாசலில் தேதியைக் கேட்டபோதே உங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

மாமா இறந்து ஒரு வருடம் ஆகிறபோது முதல் பெட்டிகள் வந்தன. பாப்பாவுக்கு அப்போது இரண்டு மாதம். ஒரு பெட்டியில் ஐந்து கிட்டார். இங்கே வந்து இறங்க ஒன்று மூவாயிரத்து இருநூறு. விலையை அவர் குறைக்கவில்லை. "கொறைச்சாச் சந்தேகப்படுவான்" என்றார். நான், "ஏங்க, இது பாவமில்லையா?" என்று கேட்டேன். அவர் கோபப்படவே இல்லை. உட்காரவைத்து விளக்கினார். நம் கிட்டாரிலும் முறுக்கிற சாவி வெளிநாடு, கம்பி வெளிநாடு, மேல்பலகை ஏதோ குளிர்தேசத்து மரம். "நம்ம கிட்டார்ல பாதி அவன் நாடு. அவன் கிட்டார்ல லேபிள் மட்டும் நம்ம நாடு. என்னளா பெரிய வித்தியாசம்?" என்றார். நீங்கள் டீச்சர், இதற்குப் பதில் உங்களுக்கு வரும்.

உள்ளே அவர்கள் கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதை உரிக்க வேண்டும். வட்ட ஓட்டைக்குள் ஆம்பளைக் கை போகாது. போனாலும் உள்ளே திரும்பாது. என் கை போகும். பாருங்கள், சின்னக் கை. வளையல் வாங்கப் போனால் குழந்தை சைஸ்தான் தருவார்கள். கம்பியைத் தளர்த்தி, வளையலைக் கழற்றி, முதலில் ஹேர் டிரையரால் சூடு காட்டுவேன். என் கல்யாணத்துக்கு கான்வென்ட் தோழிகள் சேர்ந்து வாங்கிக் கொடுத்த ஹேர் டிரையர். பசை இளகும். நகத்தால் நெருடி உரிப்பேன். பிறகு என் லேபிளை ஒட்டுவேன். கண்ணால் பார்க்க முடியாது, விரல்தான் பார்க்கும்.

ஒருநாள் கை மாட்டிக்கொண்டது மிஸ்.

பிரசவத்துக்குப் பிறகு எனக்குக் கை வீங்கும். காலையில் போன கை, வெயில் ஏறினதும் வரவில்லை. பட்டறைத் தரையில் உட்கார்ந்திருக்கிறேன், மடியில் கிட்டார், மணிக்கட்டு வரை உள்ளே. வீட்டுக்குள் பாப்பா எழுந்து அழுகிறாள். பசி அழுகை, தாய்க்குத் தெரியும் இல்லையா? இங்கே எனக்குப் பால் கட்டி ரவிக்கை நனைகிறது. கிட்டாரோடு எழுந்து ஓடப் பார்த்தேன், கதவில் அதன் கழுத்து இடித்தது. அவர் வந்து பார்த்தார். முதலில், "ஏ, பாத்து, கீறல் விழுந்திரும்" என்றார். பிறகு சிரித்தார். ஃபோனில் படம் எடுத்தார். சோப்புத் தண்ணீர் ஊற்றினால் உள்ளே மரம் ஊறிவிடும் என்று தேங்காய் எண்ணெய் தேடிக்கொண்டு வந்தார். கால் மணி நேரம். அவள் அழுது அழுது ஓய்ந்து தூங்கியே போய்விட்டாள்.

அந்தப் படம் அவர் ஃபோனில் இன்னும் இருக்கிறது. யாராவது வந்தால் காண்பிப்பார். உங்களுக்கும் காண்பிப்பார்.

அன்றைக்கு உரித்த ஸ்டிக்கரின் பசையில் ஒரு முடி ஒட்டியிருந்தது. நீளமான கறுப்பு முடி. என்னுடையது என்றுதான் நினைத்தேன். என்னுடையது சுருட்டை, அது நேர் முடி. அங்கேயும் ஒருத்தியைத்தான் உள்ளே கைவிடச் சொல்லியிருக்கிறார்கள். அவளுக்குக் குழந்தை உண்டோ என்னவோ. அதை எறிய மனம் வரவில்லை. ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். பைத்தியக்காரத்தனம்.

தொம்மை அண்ணனை அவர் போகச் சொல்லவில்லை. அது அவர் நல்ல குணம். கூலி கொடுத்து வைத்துக்கொண்டார். பார்க்க ஆள் வரும்போது மட்டும் இழைக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. நீங்கள் வந்த அன்றைக்கு ஃபோட்டோ எடுத்தீர்களே, கீழே மரச்சீவல் சுருள் சுருளாக விழுந்து கிடந்ததே? நான்கு மாதமாக ஒரே பலகையைத்தான் இழைத்தார். ஓர் அங்குலப் பலகை, நீங்கள் பார்க்கும்போது அப்பளம் ஆகியிருந்தது. ஆகஸ்டில் ஒருநாள் அது உடைந்தது. இழைப்புளியைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா மெலிட்டா, நம்பர் போடுறது நீ. எழுதுறது நீ. கீழ கையெழுத்தும் நீ. பாத்துக்கம்மா" என்றார்.

என்மேல் அவருக்கு ஏனோ கோபம். இப்போது கதவு, ஜன்னல் செய்கிற கடையில் இருக்கிறாராம்.

உங்கள் கையில் இருக்கிற அந்த உறுதிமொழிக் காகிதத்தை மேசை மேல் வைத்துவிடுங்கள் மிஸ், கசங்குகிறது. படித்தேன். 'மேற்படி இருபத்து நான்கு கிட்டார்களும் எங்கள் பட்டறையில் எங்கள் ஆட்களாலேயே செய்யப்பட்டவை என உறுதி கூறுகிறேன்.' உங்கள் பழைய மாணவர்கள் சங்கம் பணம் கொடுத்ததே அதற்காகத்தானே. விலை மூன்று மடங்கு ஆனாலும் பரவாயில்லை, நம் ஊர் ஆளுக்கு வேலை கிடைக்கட்டும் என்று. நல்ல மனிதர்கள். கீழே உரிமையாளர் கையெழுத்து, தேதி.

உரிமையாளர் நான்தான்.

ஆமாம் மிஸ். பாப்பாவின் ஞானஸ்நானத்தன்று பட்டறையை என் பெயருக்கு மாற்றினார். பதிவு, ஜி.எஸ்.டி., பேங்க் கணக்கு, எல்லாம். விருந்துக்கு வந்தவர்கள் எல்லாரும் கைதட்டினார்கள். எத்தனை புருஷன் செய்வான் சொல்லுங்கள்? என் அம்மா அழுதுவிட்டாள். அவர் எடுத்துக் கொடுத்த இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன், பாப்பா மடியில் இருந்தாள், நிறையக் காகிதம். அடுத்த மாதம் பெட்டிகள் வந்தன. இறக்குமதிக் காகிதத்திலும் என் பெயர்தான் வரும். செக் புத்தகம் அவரிடம் இருக்கிறது. என் பி.காம். சர்டிஃபிகேட், பத்தாம் வகுப்பு, எல்லாவற்றையும் கூட அவர் பீரோவில்தான் வைத்துப் பூட்டியிருக்கிறார், கரையான் அரிக்கும் என்று.

தொம்மை அண்ணன் சொன்னது இதைத்தானோ என்று இப்போது உங்களிடம் சொல்லும்போது தோன்றுகிறது. இருக்காது. அவருக்கு என்ன தெரியும்.

ஒரே ஒருமுறை சொன்னேன், இனிமேல் எழுதமாட்டேன் என்று. செப்டம்பரில், மாதா பிறந்தநாளுக்கு மறுநாள். அவர் பாப்பாவைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். "எழுதாட்டிப் போ. ஒங்கம்மா வீட்டுக்குப் போயி நாலு நாள் இரு. பாப்பா இங்கன இருக்கட்டும். எங்க அக்கா பாத்துக்கிடும்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பாப்பாவும் அவர் மூக்கைப் பிடித்துச் சிரித்தாள். அன்றைக்கு மத்தியானம் ஆறு லேபிள் எழுதினேன். ஒரு எழுத்து கூடக் கோணவில்லை. அதுதான் எனக்கே ஆச்சரியம்.

இல்லை, அடிக்கமாட்டார். சத்தம் போடமாட்டார். குடி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை முதல் பூசையில் முன்வரிசையில் நிற்பார்.

இது என்ன சத்தம்? அவர் வண்டியா? இல்லை, பால்காரர்.

மிஸ், தேதி விஷயம். சொல்லிவிடுகிறேன்.

லேபிளில் பழைய தேதி போடச் சொன்னார். மரம் நன்றாகக் காய்ந்தது என்று ஆள் நம்புவான். தொம்மை அண்ணன் வழக்கப்படி செவ்வாய் ஒன்று, வெள்ளி ஒன்று. சமையல்கட்டில் பங்குக் கோயில் காலண்டர் தொங்குகிறது, அதைப் பார்த்துத்தான் எழுதுவேன். அதில் ஏப்ரல் பதினெட்டில் சிலுவைப் படம் போட்டிருக்கிறது, இத்தனை பெரிதாக. கான்வென்ட்டில் பதினான்கு வருடம் படித்தவள். ஏழாம் வகுப்பிலிருந்து பெரிய வெள்ளி என்றால் ஒருவேளைச் சாப்பாடு. எனக்கா தவறும்?

கைத்தவறு இல்லை.

மூன்று முறை சரக்கு போயிருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு லேபிளில் அந்தத் தேதியைப் போட்டேன். முதல் முறை போட்டது மதுரைக் கடை ஒன்றுக்குப் போனது. அங்கே யாரும் கேட்கவில்லை. இரண்டாவது ஒரு தியான இல்லத்துக்கு. சாமியார்கள் இருக்கிற இடம், இங்கே கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தினமும் வாசலைப் பார்த்தேன். அவர்களும் படிக்கவில்லை. அழகாக இருக்கிறது என்று மட்டும் சொல்லியனுப்பினார்கள். மூன்றாவது உங்களுக்கு.

அவரும் பார்ப்பதில்லை மிஸ். எழுத்து நேராக இருக்கிறதா, மை பரவாமல் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். என்ன எழுதியிருக்கிறது என்று ஒருநாளும் படித்ததில்லை. அதுதான் எனக்குத் தைரியம்.

எதற்குச் செய்தேன் என்று கேட்டால் தெரியாது. வாயால் சொன்னால் பாப்பா போய்விடுவாள். சொல்லாமலும் இருக்க முடியவில்லை. யாராவது வந்து கேட்கட்டும் என்று நினைத்தேன். கேட்ட பிறகு என்ன ஆகும் என்று நினைக்கவில்லை. அந்த அளவுக்கு எனக்கு அறிவு போகவில்லை. நீங்கள் வந்து கதவைத் தட்டி, ஏப்ரல் பதினெட்டு என்று சொன்னதும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேனே, பார்த்தீர்கள். சந்தோஷம்தான். பயம்தான்.

உங்கள் பள்ளியில் பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாம் யார் எழுதுகிறார்கள்? கம்ப்யூட்டரிலா? ஆமாம், இப்போது எல்லாம் கம்ப்யூட்டர்தான். இல்லை, சும்மாதான் கேட்டேன். குழந்தையோடு தங்குகிற மாதிரி விடுதி ஏதும் இருக்கிறதா என்றும் கேட்கலாம் என்றிருந்தேன். சர்டிஃபிகேட் இல்லாமல் யார் சேர்ப்பார்கள். வேண்டாம், அதற்கு இப்போது பதில் சொல்லாதீர்கள்.

அதுதான். அது அவர் வண்டி. தெருமுனையில் ஹார்ன் அடிப்பார், நான் கேட்டைத் திறந்துவைக்க வேண்டும் என்று.

சீக்கிரம் சொல்கிறேன். அவர் வந்ததும் நான் உங்களோடு இதையெல்லாம் பேசினதாகக் காட்டிக்கொள்ளாதீர்கள். பாப்பா பல் முளைப்பதைப் பற்றிப் பேசினோம். தேதியைப் பற்றி நீங்கள் கேட்டால் அவர் என்னைத் திரும்பிப் பார்ப்பார். நான், "கைத்தவறு மிஸ்" என்பேன். இதே முகத்தோடு சொல்வேன், எனக்கு வரும். பிறகு அவர் அந்தக் காகிதத்தை என் பக்கம் தள்ளுவார். பாப்பாவை மடியில் தூக்கி வைத்துக்கொண்டுதான் தள்ளுவார். நான் கையெழுத்துப் போடுவேன். போடாமல் இருப்பேன் என்று நினைக்காதீர்கள். என்னால் முடியாது. கீழே தேதியும் எழுதுவேன்.

அவர் எழுத்து அழகைப் பார்த்துவிட்டு உங்களிடம் நீட்டுவார்.

நீங்கள் ஒன்றும் சொல்லாமல் வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் ஏறி, ஊர் தாண்டின பிறகு எடுத்துப் படியுங்கள். இது நவம்பர் மாதம். நான் ஏப்ரல் பதினெட்டு என்று எழுதியிருப்பேன்.

டீயைக் குடித்துவிடுங்கள் மிஸ். குடிக்காமல் இருந்தால் என்ன பேசினீர்கள் என்று கேட்பார்.